இருபத்திநாலு கொடுத்த கார்

பொதிகை மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டி, ஓடு வேய்ந்த சின்ன மடம் ஒன்று. அதில் சின்னம்மை என்று ஒரு குரு. வயது நாற்பத்தைந்துதான் இருக்கும். நல்ல வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் அடுப்படி வரை கேட்கும். வருகிறவர்கள் அவரிடம் சாவைப் பற்றிக் கேட்டார்கள். மனம் ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று கேட்டார்கள். சீடர்களிலேயே வயதில் மூத்தவரான செண்பகராமன் மட்டும் மைலேஜைப் பற்றிக் கேட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நில அளவைத் துறையில் சங்கிலியும் கையுமாகக் காடு கழனியெல்லாம் அலைந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்தால்தான் நம்புவார். மடத்துக்கு வந்த புதிதில், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தியானம் செய்தால் போதும் என்று கேட்டு, கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குருவுக்குப் புரையேற வைத்தவர்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்னக் கார் வாங்கினார். அவர் பரம்பரையிலேயே முதல் கார். மனைவி ஆவுடையம்மாளுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியவில்லை. அதற்காகவே வாங்கியது. வண்டி வாசலுக்கு வந்த அன்று ஆவுடை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். முன்கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு சுற்று சுற்றி வந்த பிறகும் இறங்க மனமில்லாமல் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் செண்பகராமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றினார். நம்மூரில் புதுக் காரைப் பார்த்தால் என்ன கேட்பார்களோ அதைக் கேட்டார்.

"எவ்வளவு கொடுக்குது?"

ஒரு அளவைக் கேட்டுச் செண்பகராமன் விழித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்று பிடித்தது சனி.

கம்பெனிக்காரர்கள் லிட்டருக்கு இருபத்திநாலு என்று சொல்லியிருந்தார்கள். இவர் டேங்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தார். பதினேழு. மீதி ஏழு எங்கே போயிற்று என்று அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முதலில் ஏசியை நிறுத்தினார். திறந்த ஜன்னலில் காற்று புகுந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள், கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். புருஷனும் பெண்சாதியும் இட்லி மாதிரி வெந்தார்கள். விடிவதற்குள் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார், கோழி கூவும் முன்னே பங்கில் போய் நின்றார். பெட்ரோல் இறங்கும்போது டேங்கில் காற்று தங்கக் கூடாது என்று காரின் பின்பக்கத்தைப் பிடித்து முறத்து அரிசியைப்போல் குலுக்கினார். பங்கில் வேலை பார்க்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பாவம் என்று அவர்களும் ஒரு கை பிடித்துக் குலுக்கிக் கொடுத்தார்கள்.

அப்புறம் பாரம் குறைக்கும் படலம். ஸ்டெப்னி டயர் கட்டிலுக்கு அடியில் போயிற்று. கால் மிதியடி போயிற்று. ஆவுடை டிக்கியில் வைத்திருந்த ஜமுக்காளமும் தண்ணீர்க் கேனும் போயின. அப்படியும் வண்டி பதினேழைத் தாண்டவில்லை. இன்னும் எதை இறக்கலாம் என்று அவர் காருக்குள் சுற்றிப் பார்த்தபோது, ஆவுடை முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேரும் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பியிருந்த நாள் அது. ஒரே ஒரு தடவை நீ பஸ்ஸில் வந்துவிடு, நான் தனியாக ஓட்டி ஒரு டெஸ்ட் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆவுடை சரி என்று, கதவைப் பிடித்து மெல்ல இறங்கினாள். அவர் வண்டியைக் கைக்குழந்தையைத் தூக்கிப்போவதுபோல் ஓட்டினார். இறக்கம் கண்ட இடமெல்லாம் நியூட்ரலில் உருட்டினார். திரும்பி வந்து நிரப்பிப் பார்த்தால் இருபத்திநாலு. அதைச் சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தார். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஆவுடை, "சந்தோஷம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. எங்கே கூப்பிட்டாலும், நீங்க போங்க, நான் பின்னால வாரேன் என்பாள். தன் ஆராய்ச்சிக்கு மனைவி ஒத்துழைக்கிறாள் என்றுதான் செண்பகராமன் முதலில் நினைத்தார். மனுஷன் அவ்வளவு வெள்ளந்தி. ஒருநாள் நல்ல மழை. அவள் அம்பாசமுத்திரம் போகவேண்டியிருந்தது. இவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். அவள் குடையை விரித்தாள்.

"டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கிடையாது. அந்த மைலேஜ உங்க கார் கொடுக்குமா?"

அப்போதுதான் அவள் ஒத்துழைக்கவில்லை, விலகிப்போகிறாள் என்று அவருக்கு உறைத்தது. காலியான முன்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் துக்கமாக இருந்தது. ஆனாலும் அவருக்குக் கணக்கு விளங்கவில்லை. கணக்கு விளங்காவிட்டால் அவருக்கு எதுவும் விளங்காது. சில நாள் கழித்துக் காரை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

குரு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். செண்பகராமன் விழுந்து கும்பிட்டுவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். குலுக்கியதைக்கூட மறைக்கவில்லை.

"ஆவுடையோட போனா பதினேழு கொடுக்குது அம்மா. தனியா போனா இருபத்திநாலு. வண்டி ஒண்ணு, ரோடு ஒண்ணு. ரெண்டுல எது நெசம்?"

குரு ஒரு மொச்சையை உரித்துக் கிண்ணத்தில் போட்டார்.

"அக்கா எங்க, அண்ணாச்சி?"

"கடையத்துல அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. இப்பதான் பஸ் ஸ்டாப்புக்குப் போனா."

"நீங்க?"

"நான் கார்ல போவணும்."

"தனியாவா?"

"தனியாதான்."

குரு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பிள்ளையின் வளைகாப்புக்கு ஆவுடை தன்னையும் அழைத்திருப்பதாகவும், அண்ணாச்சியோடு காரிலேயே வந்துவிடுவதாகவும் சொன்னார். மடத்துத் தோட்டத்தில் வெட்டி வைத்திருந்த வாழைத்தார் ஒன்றையும் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார். சின்னத் தார் இல்லை. கார் பின்பக்கம் லேசாகத் தணிந்தது. குரு முன்சீட்டில் உட்கார்ந்ததும் முன்பக்கமும் தணிந்தது.

குருவின் எடை என்ன இருக்கும் என்று செண்பகராமனின் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டது. பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"கொசு, அம்மா."

கொஞ்ச தூரம் போனதும் குரு ஏசியைப் போடச் சொன்னார். போட்டார். ஏசி ஓடும்போதே குரு தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, வெளியே கையை நீட்டி, காற்றை அளைந்துகொண்டே வந்தார். செண்பகராமனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் வயலையும் மலையையும் பார்த்துக் குரு சின்னப்பிள்ளையாட்டம் சந்தோஷப்படுவதைப் பார்த்தபோது, ஆவுடையும் முதல் நாள் இப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு வந்தாள் என்று நினைவு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் ஆவுடை இருந்தாள். சிமெண்ட் பெஞ்சில் ஒரு காலை நீட்டிவைத்து, மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது.

கார் நின்றது. ஆவுடை குருவைப் பார்த்ததும் பெஞ்சைப் பிடித்து எழுந்து கும்பிட்டாள். செண்பகராமன் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க போங்க. நான் பின்னால வாரேன்."

குரு இறங்கினார். பின்சீட்டிலிருந்த வாழைத்தாரையும் இறக்கினார். அதைப் பெஞ்சோரம் சாய்த்துவைத்துவிட்டு ஆவுடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க எதுக்கு இறங்குதீங்க?"

"நானும் பஸ்லயே வாரேன். இப்ப வண்டில ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. போங்க, நல்லா கொடுக்கும்."

காலிக் கார் கதவுகளைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. செண்பகராமன் காரையும் பெஞ்சையும் மாறிமாறிப் பார்த்தார். ஸ்டாப்பில் நின்ற நாலைந்து பேர் அவரையே பார்த்தார்கள். அவருக்கு ஓட்டவும் தோன்றவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"உனக்காகத்தான வாங்கினேன், ஆவுடை."

ஆவுடை தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திக்கொண்டாள். அவள் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க வீட்டுக்காரரு எனக்காவ கார் வாங்கிருக்காருன்னு. அன்னைக்கு சங்கரன்கோவில் பஸ்ல ஒரே கூட்டம். கம்பியப் பிடிச்சிட்டு நின்னுக்கிட்டே வந்தேன். ஜன்னல் வழியா பாக்கேன், நம்ம கார் போவுது. பக்கத்துல இருந்தவகிட்ட, அது எங்க கார்னு சொல்ல வாயெடுத்தேன். பொறவு சொல்லல."

"நின்னுக்கிட்டா வந்த?"

"நீங்க கேக்கலையே."

அன்று கோவில் வாசலில் அவள் நொண்டியபடி வந்ததைச் செண்பகராமன் பார்த்திருந்தார். அப்போதும் மீட்டரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தியோடு முப்பது முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்துவிட்டு, அவள் நின்றாளா உட்கார்ந்தாளா என்று தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வளைவில் தென்காசி பஸ் தெரிந்தது. உள்ளே நிற்க இடமில்லை, படியிலும் ஆள். ஸ்டாப்பில் நின்றவர்கள் முண்டியடித்து முன்னால் போனார்கள். ஆவுடை பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். குரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

"அம்மா," என்று செண்பகராமன் பின்னாலேயே ஓடினார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் குருவையே பிடித்துக்கொண்டார். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு ஏறுங்க. பதினேழு, இருபத்திநாலு, ரெண்டுல எது நெசம்?"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஏறுகிறீர்களா இல்லையா என்று கையைக் காட்டினார். குரு படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் கேலி இல்லை. வீட்டுப் பிள்ளை தடுக்கி விழுந்தால் பார்ப்பதுபோல் அவ்வளவு பிரியமாகப் பார்த்தார்.

"ரெண்டும் நெசந்தான், அண்ணாச்சி. பதினேழு அக்காவுக்குக் கொடுத்துச்சு. இருபத்திநாலு யாருக்குக் கொடுத்துச்சு?"

செண்பகராமன் திறந்து கிடந்த காரின் முன்கதவைக் காட்டி, ஆவுடையின் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பிடித்தார். அவள் உடனே விடவில்லை. பிறகு விட்டாள்.