பத்தாவது சம்மதம்

"பத்துக்குப் பத்து சுட்டிருக்கேன் மேடம். அப்புறம் எப்படி பெயில்?"

கேட்டவர் ஹவில்தார் சேவுகப்பெருமாள். பட்டாளத்தில் பத்தொன்பது வருஷம்.

கேப்டன் இளவேனிலுக்கு வயதே இருபத்தெட்டுதான். தோளில் வைத்து விமானத்தைச் சுடும் ஏவுகணையை, அந்த மலை முகாமில் எங்களுக்குப் பழக்கிய வாத்தியார் அவர். கேள்வி காதில் விழாத மாதிரி டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு என் செக்‌ஷன் மேல எல்லை போஸ்ட்டுக்கு ஏறுது. நான் மட்டும் இங்க உக்காந்து வெங்காயம் உரிக்கவா?"

"குழாய எடுத்துட்டு வாங்க."

குழாய் என்றால் ஏவுகணைக் குழாய். பயிற்சிக் குழாயில் ஏவுகணை இருக்காது, மற்றதெல்லாம் அசல். அதன் முனை சூட்டைத் தேடும். சூடு கிடைத்தால் காதில் 'ங்ங்ங்' என்று சிணுங்கும்.

அந்தச் சிணுங்கலுக்கு எங்கள் பேச்சில் பேர், சம்மதம். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, ஒட்டிக்கொண்டது. "சம்மதம் வந்துருச்சு, விடு" என்போம்.

பக்கத்தில் இன்னொரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால், வருகிற விமானத்தைப் பார்த்து 'நீ யாரு' என்று கேட்கும். நம்முடையதாக இருந்தால் பதில் வரும்.

அன்று காலை மேட்டில் தேர்வு. வானத்தில் பத்து தடவை ஏதாவது வரும். எது, எப்போது என்று சொல்ல மாட்டார்கள். பத்துக்கும் விசையை அழுத்தியவர் சேவுகப்பெருமாள் ஒருத்தர்தான்.

குழாயைத் தோளில் ஏற்றினார்.

"அந்த அடுப்பப் பாத்து வைங்க," என்றார் கேப்டன்.

வைத்தார். சிணுங்கியது.

"என்ன சொல்லுது?"

"சம்மதம்."

"சூரியன்?"

திருப்பினார். சிணுங்கியது.

"சம்மதம்."

"சுட்டுரலாமா?"

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேவுகப்பெருமாளுக்கு மூக்கு சிவந்தது.

"கிண்டல் பண்ணாதீங்க மேடம். பத்து வந்துச்சு, பத்தையும் சுட்டேன். இதுல என்ன தப்பு?"

"கேட்டீங்களா?"

"எதை?"

"நீ யாருன்னு."

சேவுகப்பெருமாள் குழாயை இறக்கி வைத்தார்.

"போன வருஷம் கேட்டேன் மேடம். எல்லைல நிக்கிறப்ப சின்னதா ஒண்ணு பறந்து வந்துச்சு. நம்மளதா இருந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். கேட்டுக்கிட்டு இருக்கும்போதே குண்டு விழுந்துருச்சு. பக்கத்துல சூசைமாணிக்கம் நின்னான். ஒரு முழங்காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல மேடம்."

நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைலேருந்து கேக்குறதில்ல. மேல போயி அவனுக்காக ஒண்ணையாவது விழ வைக்கணும். அது வரைக்கும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

கேப்டன் ஆற்றிய டீயை அவரிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் மேடம்."

"உங்களுக்கு இல்ல. ஸ்டோருக்குப் புது ஆள் வந்திருக்காரு. குடுத்துட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

பத்தொன்பது வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு டீ தூக்குற வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னால் போனோம்.

ஸ்டோரில் ஒருவர் கம்பளி மடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு கால் அலுமினியம்.

"என்னடா சேவுகா, டீ எல்லாம் பலமா இருக்கு?"

தம்ளர் கீழே விழுந்தது. சேவுகப்பெருமாள் சூசைமாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நாற்பது வயது ஆள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கும் கண் கலங்கியது.

"விடுடா. கால்தான போச்சு, ஆள் இருக்கேன்ல. நீதான் கடுதாசி போட்டா பதில் போட மாட்டேங்குற. அதான் இங்க ஸ்டோர் வேலைன்னதும் சரின்னுட்டேன்."

"எப்படா வந்த?"

"காலைலதான். ரேஷன் ஹெலிகாப்டர்ல ஏத்திவிட்டாங்க. மேட்டுல நீ குழாயோட நின்னத மேலேருந்து பாத்தேன். எங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்த. கை காட்டினேன், நீ கண்டுக்கவே இல்ல."

சேவுகப்பெருமாளின் அழுகை நின்றது.

வாசலில் கேப்டன் நின்றிருந்தார்.

"மேடம், பத்தாவதா வந்தது..."

கேப்டன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"பெயில் அப்படியே இருக்கட்டும் மேடம்."

"நாளைக்கு செக்‌ஷன் கிளம்புறதுக்கு முந்தி மறுபடியும் டெஸ்ட் இருக்கு. வாங்க," என்றார் கேப்டன்.

சூசைமாணிக்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னடா பெயிலு? என்னடா பத்தாவது?"

சேவுகப்பெருமாள் அவர் தோளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கை காட்டினியாடா?"

"ஆமாடா. ரெண்டு கையாலயும்."