முழக்கதிர் விருந்து

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், சொன்னால் வீண் வம்பு. தம் நாட்டு நெற்கதிர் ஒரு முழ நீளம் இருக்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென ஓர் ஆசை பிறந்தது. எதற்கு என்று கேட்கிற தைரியம் சபையில் யாருக்கு இருந்தது?

அரண்மனை விதைச்சாலைக்குத் தலைவர் திரிலோகப் பண்டிதர். பல வருஷம் ஆராய்ந்து அப்படியொரு நெல்லை அவர் உண்டாக்கினார். கதிரை முழக்கோலால் அளந்தார்கள். சபையில் தோரணமாகக் கட்டினார்கள். பண்டிதருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் குத்தி உலையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அந்தப் புத்திசாலிகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. குடிகள் எல்லோரும் முழக்கதிரையே விதைக்க வேண்டும், பழைய விதையை ஒப்படைக்க வேண்டும் என்று முரசறைந்தார்கள். ஒப்படைத்த விதையை அரண்மனை யானைகள் தின்று தீர்த்தன.

அறுவடைக்குக் கதிர் என்னவோ முழம் முழமாகத்தான் வந்தது. உள்ளே அத்தனையும் பதர். ஊர் ஊராகச் சனங்கள் பட்டினி கிடந்தார்கள். வீராயி என்கிற குடியானவப் பெண்ணின் மூத்த பிள்ளை பசியிலேயே செத்துப்போனான். அப்போதும் அவள் பரணில் ஒளித்துவைத்திருந்த விதைக்கோட்டையைப் பிரிக்கவில்லை. வைக்கோலால் பொதிந்து சாணம் மெழுகிய அந்தக் கோட்டைக்குள் பழைய சிவப்பு நெல் இருந்தது. நாட்டில் மிஞ்சிய நல்ல விதை அது ஒன்றுதான். செத்தாலும் விதைநெல்லில் கைவைக்காத சனங்கள் அவர்கள்.

சேவகர்கள் கோட்டையைப் பறித்துக்கொண்டு அவளையும் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"ராஜ கட்டளையை ஏன் மீறினாய்?" என்றார் ராஜா.

"அது பதரு சாமி. பெரியவன் போயிட்டான். இத வெதச்சாத்தான் சின்னவளாவது பொழைப்பா."

"மரண தண்டனையே தகும், மன்னா" என்றார் பண்டிதர்.

விகடகவி ஒச்சப்பன் எழுந்தான். பண்டிதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "இவன் நம் நெல்லைப் பழிக்கப் போகிறான்" என்று முந்திக்கொண்டார்.

"ஒச்சப்பா, முழக்கதிரைப் பற்றி ஒரு குறை சொன்னாலும் உன் தலையும் போகும்" என்றார் ராஜா.

"சித்தம், மன்னா. அடியேன் குறை சொல்ல வரவில்லை. இவ்வளவு புகழ்பெற்ற நெல்லைத் தாங்கள் ஒருவேளைகூட உண்டதில்லையே என்றுதான் வருத்தம். நாளை மதியம் அதைச் சமைக்கட்டும். தாங்கள் உண்டு முடிக்கும்வரை இவளுடைய தண்டனை நிற்கட்டும்."

அதிலென்ன குறை இருக்கிறது? ராஜாவும் சம்மதித்தார்.

மறுநாள் சபையிலேயே இலை போட்டார்கள். வெற்று இலையைப் பார்க்கலாம் என்று காத்திருந்த ஒச்சப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலையில் ஆவி பறக்கச் சோறு குவிந்திருந்தது. ராஜா நெய்யை ஊற்றிப் பிசைந்து, மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார்.

"முழக்கதிரின் மகிமை" என்று பண்டிதர் மீசையைத் தடவினார்.

சோற்றை உற்றுப் பார்த்தான் ஒச்சப்பன். செக்கச்செவேல் என்றிருந்தது. தோரணத்திலிருந்து ஒரு கதிரை உருவினான். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினான். எல்லாம் பறந்துபோயிற்று. வெறுங்கையை ராஜாவிடம் நீட்டினான். இன்னொரு கதிரையும் கசக்கி ஊதினான். அதுவும் அப்படியே.

"அப்படியானால் நான் உண்டது என்ன?"

"குறை சொல்ல எனக்கு உத்தரவில்லை, மன்னா. சமைத்தவரைக் கேளுங்கள்."

மடைப்பள்ளிக்காரன் ஓடிவந்தான். "முழக்கதிரை மூட்டை மூட்டையாகக் குத்தினோம், மகாராஜா. ஒரு பிடி அரிசி தேறவில்லை. பண்டிதர்தாம் அந்தப் பெண்ணிடம் பறித்த கோட்டையை அனுப்பி, இதைக் குத்திப் போடு, வாயைத் திறக்காதே என்றார்."

ராஜாவுக்கு வந்ததே சிரிப்பு. "பலே, பண்டிதரே. அளக்க உமது நெல், தின்ன அவள் நெல்லா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபை முழுக்கச் சிரித்தது. பண்டிதரின் பொன்னாடையை உருவி ஒச்சப்பனுக்குப் போர்த்தினார், தம் முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வீராயியை விடுவிக்கச் சொன்னார்.

ஒச்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டை என்ற சொல்லைக் கேட்டபோதே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விருந்து வைக்கச் சொன்னதே அவன்தானே, பாவி.

வீராயி வந்து கும்பிட்டாள். "உசுரக் குடுத்தீக, புண்ணியமாப் போவும். என் கோட்டையையும் குடுத்திருங்க சாமி. மழை எறங்கிருச்சு, வெதைக்கணும்."



"அந்தக் கோட்டை நெல்லா?" ராஜா கையைக் கழுவிக்கொண்டே அவளைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "இப்படியொரு சோறு நான் உண்டதே இல்லை, அம்மா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை."