கிணற்றுக்குள் போய் வந்தவள்

மாயா இன மக்களின் பழைய நகரம் ஒன்றில், மழைத் தெய்வமான சாக் குடியிருப்பதாக நம்பப்பட்ட பெரிய கிணறு இருந்தது. யாரும் வெட்டிய கிணறு அல்ல. சுண்ணாம்புப் பாறை தானாக உள்வாங்கி உண்டான பள்ளம். மழை பொய்த்த வருஷங்களில் ஒரு பெண்ணுக்கு உடம்பெல்லாம் நீலம் பூசி, விடியும்போது அதற்குள் தள்ளுவார்கள். உச்சி வேளைவரை அவள் உயிரோடு இருந்தால் கயிறு போட்டுத் தூக்கி, தெய்வம் என்ன சொன்னது என்று கேட்பார்கள்.

அப்படித் தூக்கப்பட்டவள் நிக்தே.

உள்ளே தண்ணீரில் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபடி அவள் சாக்கைக் கூப்பிட்டிருந்தாள். அவள் குரல்தான் திரும்பி வந்தது. காலுக்கடியில் சேறு. சேற்றில் எலும்புகள்.

மேலே வந்ததும் பூசாரி மோசெல் குனிந்து கேட்டார். சுற்றிலும் நின்ற முகங்களை அவள் பார்த்தாள். மழை வரும் என்று சாக் சொன்னதாகச் சொன்னாள். மழை வந்தது.

அன்றிலிருந்து ஊர் அவளைக் கும்பிட்டது. தெய்வ வாக்கை ஊருக்குச் சொல்பவர் மோசெல். அவர் அவளைச் சீடராகச் சேர்த்துக்கொண்டு, நட்சத்திரங்களின் போக்கையும் நாள்களின் குணத்தையும் கற்றுக்கொடுத்தார். கிணற்றைப் பற்றி மட்டும் அவரும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை.

பல வருஷம் கழித்து மறுபடியும் மக்காச்சோளம் கருகியது. இந்த முறை தேன் எடுப்பவரின் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மோசெல் நீலம் அரைத்துக்கொண்டிருந்தார். நிக்தே அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஐயா, அந்தக் கிணற்றுக்குள் யாரும் இல்லை."

"மழை வரும் என்று சொன்னாயே?"

"பயத்தில் சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் திரும்பத் தள்ளியிருப்பார்கள்."

அவர் அரைப்பதை நிறுத்தவில்லை. "இப்போது என்ன செய்யப்போகிறாய்?"

"ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லப்போகிறேன்."

"சொல். நானும் உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன். ஆனால் முதலில் சாகிலிடம் சொல்லிவிட்டு வா."

சாகிலின் மகள் குக், நிக்தேவுக்கு முன்பு தள்ளப்பட்டவள். உச்சி வேளையில் போட்ட கயிறு வெறுமனே திரும்பியது. இன்றும் சாகில் காலையில் முதல் கஞ்சியைக் கிணற்று விளிம்பில் வைத்துவிட்டுத்தான் தான் குடிப்பாள்.

சொல்ல வேண்டியதை நிக்தே வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். சாகில் அவளுக்குப் பாய் விரித்தாள். நிக்தே வாய் திறப்பதற்குள் அவளே பேசத் தொடங்கினாள். இத்தனை வருஷமும் ஒன்றைக் கேட்க நினைத்ததாகவும், தைரியம் வரவில்லை என்றும் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் கீழே இருந்தபோது என் பெண்ணைப் பார்த்தீர்களா? அவள் வரமாட்டேன் என்றுதான் அழுதாள். சாக் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி, நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன்."

நிக்தே பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது. சாகில் அதைக் கவனிக்கவில்லை.

"பார்த்தேன்" என்றாள் நிக்தே.

"எப்படி இருக்கிறாள்?"

"நன்றாக இருக்கிறாள். சாக்கின் வீட்டில் மாவு அரைக்கிறாள்."

சாகில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "இங்கே அரைக்கச் சொன்னால் ஒரு நாளும் கேட்கமாட்டாள்" என்றாள்.

நிக்தே திரும்பி வந்தபோது மோசெல் அரைத்து முடித்திருந்தார்.

"சொன்னாயா?"

நடந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். இன்னொரு நாள் போய் உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

மோசெல் நீலக் கிண்ணத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"தேன்காரர் மகள் உள் அறையில் அழுதுகொண்டிருக்கிறாள். கீழே குக் இருக்கிறாள், துணைக்கு ஆள் உண்டு என்று அவளிடமும் போய்ச் சொல்."