இரண்டாவது புதுப்பி

கணினிக் கட்டளைகளுக்குத் தமிழில் கையேடு எழுதுகிற கூட்டம் ஒன்று காரைக்குடியில் ஒரு மாடி அறையில் கூடிவந்தது. அங்கே வேலை சொல்லிக்கொடுத்தவள் செல்லக்கிளி, முப்பது வயதுக்காரி. அவளிடம் கற்க வந்தவர் அந்தோணிசாமி, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். வயது எப்படியிருந்தால் என்ன, அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன சார், வீட்டுல சண்டையா?”

“வைரவன் ஐயாவோட, டீச்சர்.”

வைரவன் கூட்டத்தின் தலைவர். விஷயம் இதுதான். மென்பொருள்களைப் புதுசாக்க இரண்டு கட்டளைகள் உண்டு. ‘அப்டேட்’ என்றால், என்னென்ன புதுசாக வந்திருக்கிறது என்று கணினி பெயர்களை மட்டும் கேட்டுக்கொள்ளும். ‘அப்கிரேட்’ என்றால்தான் அவற்றை இறக்கி நிறுவும். கையேட்டில் இரண்டுக்கும் ‘புதுப்பி’ என்றே எழுதியிருந்தார்கள். மெய்ப்புப் பார்த்த வைரவன், சொன்னதையே சொல்லியிருக்கிறதே என்று இரண்டாவதைக் கட்டளையோடு சேர்த்து அடித்துவிட்டார்.

கையேட்டை நம்பிய பள்ளிக்கூடங்கள் முதல் கட்டளையோடு நின்றுகொண்டன. ஒரு பள்ளியில் புதுசாக்காத மென்பொருளில் இருந்த பழைய ஓட்டை வழியாக எவனோ கணினிக்குள் புகுந்து, பிள்ளைகள் செய்து வைத்ததையெல்லாம் துடைத்துவிட்டான்.

“திருத்தி அனுப்புனேன், தள்ளிட்டார். இன்னொரு தடவை அனுப்புனா கையேட்டுலருந்து உங்க பேரை எடுத்துருவேன்னுட்டார். என் பேர் அச்சுல வர்றது இதான் டீச்சர் முதல் தடவை. பணிஞ்சு போயிரவா?”

“ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் இங்கயே சாப்பாடு” என்றாள் செல்லக்கிளி. “ஐயாவையும் கூப்பிடுங்க.”

ஞாயிறன்று வைரவன் வந்து இலைமுன் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துக்கொண்டார். செல்லக்கிளி எதிரே நின்று, “சோறு, கெட்டிக் குழம்பு, வெண்டைக்காய் மண்டி, வாழைக்காய் வறுவல், கவுனி அரிசி” என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

“சரி, கொண்டா ஆத்தா.”

“கை கழுவத் தண்ணி தரவா ஐயா?”

“என்ன விளையாட்டு இது? இலையில ஒண்ணும் விழலையே.”

“சொல்றதும் போடுறதும் ஒண்ணுதானேன்னு ரெண்டாவதை விட்டுட்டேன். நம்ம கையேட்டுல உள்ளபடிதான் ஐயா.”

பந்தியில் யாரோ சிரித்துவிட்டார்கள். வைரவன் எழுந்தார்.

“நான் அடிச்சது அடிச்சதுதான். திருத்தம்னு இனி ஒரு வரி வரட்டும், அவர் பேர் இருக்காது.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தோணிசாமி இலையைவிட்டு எழுந்து வந்தார். “அந்த மனுசனை இன்னும் கிளப்பிவிட்டுட்டீங்களே டீச்சர். இப்ப நான் என்ன பண்றது?”

“அனுப்புங்க.”

“பேர் போயிருமே.”

“சார், உங்க பேரை வாசிச்சா எந்தப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் புதுசாகுது?”