நாலுகால்பட்டியார் பாட்டுக்கு மார்க் போட்டது

நாலுகால்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பக்கத்து ஊர்க்காரன் என்ற முறையில் அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். சொல் தவறாதவர்கள். தாங்கள் சொன்னதை மறந்துவிடுவார்கள், அது வேறு விஷயம். அடுத்தவர் சொன்னதை அப்படியே காப்பாற்றுவார்கள். ஒரு தடவை தெருக்கம்பத்தில் ஏறிய லைன்மேன், "நான் சொல்ற வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடாதீங்க" என்றார். வேலையை முடித்து இறங்கியவர் சொல்ல மறந்து போய்விட்டார். மறு வாரமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். ஊர் மூன்று மாதம் இருட்டில் கிடந்தது. அவரைத் தேடிப் பிடித்து, வேன் வைத்து அழைத்து வந்து, நடுத்தெருவில் நிறுத்திச் சொல்ல வைத்த பிறகுதான் விளக்கு எரிந்தது.

அந்த ஊரில் மூன்று பேர் மாட்டுத் தரகர்கள். மூத்தவர் ஒச்சப்பன், அவர் சொன்னால் சொன்னதுதான். சோலைமலை சந்தேகம் கேட்பார். வீரணனுக்கு வேலை, அவர்கள் இரண்டு பேர் சொல்வதும் சரி என்று சொல்வது.

டவுனில் மாட்டுச் சந்தைக்கு எதிரே ஒரு கல்லூரி. அங்கே கேமரா, விளம்பரம், எடிட்டிங் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். கடைசி வருஷம் படித்த மோனிஷா என்ற பெண், பரீட்சைக்குப் பதிலாக ஒரு பாட்டு வீடியோ எடுத்து, அதற்கு விளம்பர போஸ்டரும் அடித்திருந்தாள். பாட்டின் பெயர் ‘கடைசி பஸ்ஸில் நீ’. ஒருத்தனும் ஒருத்தியும் பஸ் ஸ்டாப்பில் நின்று பாடுகிறார்கள், அவன் பஸ் ஏறிப் போய்விடுகிறான், அவள் நிற்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. படம் பிடித்த அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு செவலை மாடு வந்து பின்னால் நின்றுவிட்டது. விரட்டினார்கள், போகவில்லை. போஸ்டரிலும் காதலர்களைவிடப் பெரிதாக அதுதான் நின்றது. மறுபடி எடுக்க நேரமில்லை. அந்த மாட்டை நினைத்து மோனிஷா சரியாகச் சாப்பிடவே இல்லை.

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். பாஸ் ஆகிவிட்டாள் என்ற அத்தாட்சியோடு திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் அந்த வருஷம் பார்த்து ஒரு புது விதி போட்டிருந்தது. மார்க்கை வாத்தியார் போடக் கூடாது. இந்தத் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாத பொதுமக்கள் மூன்று பேர் போட வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

துறைத் தலைவர் பெஞ்சமின் சார், ஒன்றும் தெரியாத மூன்று பேரைத் தேடிக் கல்லூரி வாசலுக்கு வந்தார். எதிரே வியாபாரம் படியாமல் வேப்பமரத்தடியில் நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் பிடித்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"ரொம்ப சுலபம்யா" என்றார் சார். "முதல்ல சுவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டரைப் பாருங்க. ரோட்டுல போறவங்க எப்படிப் பாப்பாங்களோ அப்படிப் பாத்தா போதும்." சொல்லிவிட்டு டிவியைத் தயார் பண்ண உள்ளே போனார்.

மூன்று பேரும் ரோட்டில் நடந்தார்கள். போஸ்டர் வந்ததும் வீரணன் நின்றார்.

"நிக்காதப்பா" என்றார் ஒச்சப்பன். "ரோட்டுல போறவங்க மாதிரின்னு சொன்னாரு. நின்னுட்டா அப்புறம் என்ன போறது?"

"அது சரி" என்று வீரணன் நடந்தார். அதற்குள் போஸ்டர் போய்விட்டது.

"நான் ‘கடைசி’ங்கிற வரைக்கும் படிச்சேன்" என்றார் சோலைமலை. "திரும்பிப் போய் மிச்சத்தைப் படிப்பமா?"

"அந்தப் பக்கமிருந்து வந்தா ‘நீ’ல இருந்துல்ல படிக்கணும். தலைகீழாப் போயிரும். சந்தையைச் சுத்திட்டு இதே பக்கமா வருவோம்."

சந்தையைச் சுற்ற அரை மணி நேரம் ஆகும். சுற்றி வந்து ‘பஸ்ஸில்’ என்று படித்தார்கள். இன்னொரு சுற்று வந்து ‘நீ’ என்று படித்தார்கள். கீழே பொடி எழுத்தில் இன்னும் நாலு வரி இருப்பதை சோலைமலை கவனித்துச் சொன்னார். மூன்று பேரும் பெருமூச்சு விட்டு மறுபடி கிளம்பினார்கள்.

ஐந்தாவது சுற்றில் மோனிஷா ஓடி வந்து மறித்தாள். "பெரியப்பா, மணி மூணாகப் போகுது. உள்ள வாங்க." போஸ்டரைச் சுவரிலிருந்து பிய்த்து ஒச்சப்பன் கையில் கொடுத்தாள். "நீங்க கையில வச்சே பாருங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா கால் மிச்சமாயிருக்கும் தாயி" என்றார் வீரணன்.

உள்ளே பெஞ்சமின் சார் டிவிக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டிருந்தார். "முதல் தடவை சத்தத்தை நிறுத்திருவேன், படத்தை மட்டும் பாருங்க. ரெண்டாவது தடவை பாட்டை மட்டும் கேளுங்க, படத்தைப் பாக்கக் கூடாது. பயப்படாதீங்க. உங்க தொழில்ல ஒரு உருப்படியை எப்படிச் சோதிப்பீங்களோ, அதே மாதிரி சோதிங்க."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாவம், உற்சாகப்படுத்தத்தான் சொன்னார்.

படம் ஓடியது. கதாநாயகி உச்சஸ்தாயியில் பாட வாயைத் திறந்ததும் ஒச்சப்பன் கையைத் தூக்கினார். "அங்கன நிறுத்துங்க." சார் நிறுத்தினார். ஒச்சப்பன் எழுந்து போய் டிவியில் பல்லை எண்ணினார்.

"கடைவாய்ப் பல்லு இன்னும் முளைக்கலை. இளசுதான். போடுங்க."

கதாநாயகன் தலையைக் குனிந்து அழும் இடத்தில் சோலைமலை நிறுத்தச் சொன்னார். உச்சந்தலையில் இரண்டு சுழி இருந்தது.

"ரெட்டைச் சுழி" என்றார். "இது கட்டுத்தறியில நிக்காது. அத்துக்கிட்டு ஓடிரும்."

அடுத்த காட்சியில் கதாநாயகன் பஸ் ஏறிப் போய்விட்டான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சமின் சாருக்கே கொஞ்சம் ஆச்சரியமாகப் போய்விட்டது.

பிறகு அந்தச் செவலை மாடு வந்தது. மோனிஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒச்சப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நெஞ்சுக் கூட்டைப் பாருப்பா" என்றார் மெதுவாக. "திமிலு நேரா நிக்குது. ஆனா ஒரு பக்கந்தான காட்டுறாக? மறுபக்கத்துல தழும்பு கிழும்பு இருந்தா?"

"பின்னாடி போய்ப் பாத்துருவோம்" என்றார் சோலைமலை.

மூன்று பேரும் டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள்.

"ஒண்ணும் பிடிபடலை" என்று திரும்பி வந்தார் ஒச்சப்பன். "ஒரே வயராக் கிடக்கு. ஒரு பக்கம் மட்டும் பாத்து மதிப்புச் சொல்ல முடியாது சார். தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு."

அடுத்து பாட்டை மட்டும் கேட்க வேண்டும். படத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் மூன்று பேரும் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். பாட்டு முடிந்தது. டீ வந்தது. வீரணன் டீக்குள் கையை விட்டார். "கட்டை அவுத்துருங்கய்யா" என்று மோனிஷா கெஞ்சினாள். அவிழ்க்க வேண்டும் என்று சார்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். சார் போன் பேச வெளியே போயிருந்தார். அவர் வரும் வரைக்கும் டீயைத் தடவித் தடவிக் குடித்தார்கள்.

வந்ததும் சார் மணியைப் பார்த்தார். "நாலே காலாச்சு. மூணு பேரும் பேசி ஒரே மார்க்கா முடிவு பண்ணுங்க. நூத்துக்குப் போடணும். நாப்பதுக்குக் கீழ போனா அந்தப் பொண்ணு பெயில். ஒண்ணே ஒண்ணு, மார்க் ரகசியம். யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

"எங்களுக்கா சொல்றீக?" என்றார் ஒச்சப்பன்.

மாட்டுச் சந்தையில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒச்சப்பன் துண்டை விரித்தார். மூன்று கைகள் உள்ளே போயின.

முதல் பிடியிலேயே சோலைமலை முகத்தைச் சுளித்தார். "மறுபக்கம் பாக்காம இவ்வளவு கூடாது" என்றார். மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை சோலைமலை திருப்தியாகத் தலையாட்டினார். விலையைக் குறைத்துவிட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

அப்போதுதான் வீரணன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யோசனை சொன்னார். "கையில போஸ்டர் இருக்குல்ல. இதைத் திருப்பிப் பாத்தா மறுபக்கம் தெரிஞ்சிருமே?"

ஒச்சப்பன் போஸ்டரைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றும் அச்சடிக்காத வெறும் காகிதம்.

மூன்று பேரும் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார்கள்.

"வெள்ளை" என்றார் சோலைமலை கடைசியில். "சுத்த வெள்ளை. ஒரு தழும்பு இல்லை, ஒரு மறு இல்லை."

"இந்தப் பக்கம் செவலை, அந்தப் பக்கம் வெள்ளை" என்றார் ஒச்சப்பன். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். எங்கப்பன் அம்பது வருசம் இருந்தாரு. இப்பிடி ஒரு உருப்படியை நாங்க யாரும் பாத்ததில்லை."

கைகள் மறுபடி துண்டுக்குள் போயின. ஒரே பிடியில் முடிந்தது. மூன்று பேரும் கையை உதறிக்கொண்டு சிரித்தார்கள்.

"எவ்வளவு?" என்றார் பெஞ்சமின் சார், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து.

மூன்று பேரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

"மார்க் எவ்வளவுங்க?"

"யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"அது மத்தவங்களுக்குய்யா. எனக்குச் சொல்லலாம்."

ஒச்சப்பன் இதை யோசித்தார். "இப்பிடித்தான் சார் சந்தையிலயும். நல்லா ரகசியம்னு சொல்லிட்டு, அப்புறம் அவனே வந்து நைசாக் கேட்டுப் பாப்பான். சோதிக்கிறதுக்கு. நாங்க ஏமாற மாட்டோம்."

சார் கோபப்பட்டார், கும்பிட்டார், அவர்கள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யச் சொன்னார். அவர்கள் உடனே, மார்க்கைச் சொல்ல மாட்டோம் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். மணி நாலே முக்கால். மோனிஷா அழத் தொடங்கினாள். படிப்பு, வேலை, சென்னை எல்லாம் ஒரு அழுக்குத் துண்டுக்குள் போய்விட்டால் யாருக்குத்தான் அழுகை வராது?

ஒச்சப்பனுக்கு மனசு இளகியது. "அழாத தாயி. வாயைத் திறக்க மாட்டோம். ஆனா உருப்படிக்குச் சொந்தக்காரி நீ. துண்டுக்குள்ள கையை விட உனக்கு உரிமை உண்டு."

அவள் கையை விட்டாள். ஒச்சப்பன் முழுக் கையையும் ஒரு தடவை பிடித்தார். பிறகு நாலு விரலைப் பிடித்தார். கொஞ்சம் நிறுத்தி, இரண்டு விரலைப் பிடித்து விட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையை மட்டும் இறுக மூடிக்கொண்டாள், திறந்தால் மார்க் கீழே கொட்டிவிடும் என்று பயந்தவளைப் போல. அப்படியே எழுந்து ரோட்டைத் தாண்டிச் சந்தைக்கு ஓடினாள். பின்னாலேயே சாரும் ஓடினார்.

சந்தை வாசலில் சீட்டுக் கிழிக்கும் காதர் பாய்க்கு எல்லாத் தரகர் பாஷையும் அத்துப்படி. மோனிஷா அவர் கையைப் பிடித்து, முழுக் கை, நாலு விரல், இரண்டு விரல் என்று அமுக்கிக் காட்டினாள்.

"அஞ்சும் நாலும் ஒம்பது, அப்புறம் ரெண்டு" என்றார் பாய். "தொண்ணூத்திரண்டாயிரம். யாரும்மா இந்த விலை சொன்னா? கண்ணை மூடிக்கிட்டு மாட்டைக் கொடுத்துரு."

சார் திரும்பி ஓடி வந்து தொண்ணூற்றிரண்டாயிரம் என்று அடித்தார். நூறுக்கு மேல் ஏற்க மாட்டேன் என்றது கம்ப்யூட்டர். மூன்று பூஜ்யத்தை அழித்தார். ஏற்றுக்கொண்டது. ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. மோனிஷா வகுப்பிலேயே முதல். அவள் சிரித்ததும் அழுததும் ஒன்றாக வந்தது, எனக்குமே சந்தோஷமாக இருந்தது.

அவள் நன்றி சொல்லத் திரும்பினால் தரகர்கள் மூன்று பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். சோலைமலை கையில் புதுக் கயிறு.

"துண்டுக்குள்ள கையை விட்ட, விலையைக் கேட்ட, வேண்டாம்னு சொல்லலை" என்றார் ஒச்சப்பன். "யாவாரம் முடிஞ்சது தாயி. கொள்றவன் அமைஞ்சதும் பணம் வீடு தேடி வரும்." போஸ்டரின் நாலு மூலையிலும் ஒட்டியிருந்த செல்லோ டேப்பைப் பதவிசாக உரித்து அவள் கையில் கொடுத்தார். மாட்டை விற்றவருக்குப் பழைய கயிறு சொந்தம். அந்த முறையை அவர்கள் என்றைக்கும் மீறியதில்லை.

போஸ்டரின் மேல் மூலையில் ஓட்டை போட்டுப் புதுக் கயிற்றைக் கட்டினார்கள். நாலுகால்பட்டி ரோட்டில் ஒச்சப்பன் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். வீரணன் பின்னாலிருந்து குச்சியால் லேசாகத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சோலைமலை ஒரு கை வைக்கோலைப் பிடுங்கி வந்து அதன் முன்னால் நீட்டினார். அது தின்னவில்லை.

சோலைமலைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏப்பா, சீக்கு மாட்டைத் தலையில கட்டிருச்சோ அந்தப் பிள்ளை?"

"சும்மா இரு" என்றார் ஒச்சப்பன். "காலேஜுல வளந்தது. நம்ம வைக்கோலைப் பாத்திருக்காது. ரெண்டு நாள்ல பழகிரும்."