தயிர் சாப்பிட்டுக் கிளம்பிய சான்றிதழ்

காலையிலிருந்தே செங்கமலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் குயிலிக்கு மதியம் டவுனில் வேலைக்கு நேர்காணல். இருப்பதோ ஒரே பஸ். சான்றிதழ் மேற்கு அறைக் கம்ப்யூட்டரில் கிடந்தது. பிரிண்டர் கிழக்கே ஹால் கம்ப்யூட்டரோடு இருந்தது.

"இந்தப் பட்டனை அமுக்கும்மா. வைஃபை வழியா ஹாலுக்குப் போயிரும். போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க. நான் வந்து பிரிண்ட் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தையல் கடைக்கு ஓடினாள் குயிலி.

செங்கமலம் விரலை நீட்டினாள்.

"அண்ணி, நில்லுங்க!" கொழுந்தன் ஞானவேல் அலறினான். "இன்னைக்குத் திங்கக்கிழமை. கிழக்கே சூலம். அந்தப் பக்கம் பயணம் ஆகாது!"

அவள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"தயிர் சாப்பிட்டுட்டுக் கிளம்பினா தோஷமில்ல" என்றார் கணவர் சிற்றம்பலம். அந்த வீட்டிலேயே பெரிய மூளை அவருடையதுதான்.

"யாருங்க சாப்பிடணும்? நானா?"

"பயணம் போறது நீயா, சான்றிதழா?"

"அதுக்கு வாய் எங்க இருக்கு?"

ஞானவேல் கம்ப்யூட்டர் பெட்டியைத் தடவிப் பார்த்து எதையோ அமுக்கினான். சிடி வைக்கும் தட்டு வெளியே நீண்டது.

"பாருங்க அண்ணி, தட்டை நீட்டிக் கேக்குது!"

செங்கமலம் இரண்டு கரண்டி கெட்டித் தயிர் வைத்தாள். பிள்ளை பெற்றவள் அல்லவா, மனசு கேட்காமல் ஓரமாக ஊறுகாயும் வைத்தாள். தட்டு உள்ளே போனது. கர்ர்ர் என்று ஒரு சத்தம்.

"ஏப்பம்" என்றார் சிற்றம்பலம் திருப்தியாக.

பட்டனை அமுக்கினாள். பச்சைக் கோடு பாதி தூரம் போனது, திரை இருண்டது. மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அடுப்பில் பால் பொங்கியது.

"அணைச்சிரட்டுமா?" என்றாள் செங்கமலம்.

"எதையும் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கா. அடுப்பு அதுல சேராதா?" என்றார் சிற்றம்பலம்.

பால் வழிந்து தீய்ந்தது.

வாசல் கதவு தடதடத்தது. "அம்மா, திற! பஸ் வந்துரும்!"

"தாழ்ப்பாளைத் தொட முடியாதுடி!" செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்!"

குயிலி கொல்லைச் சுவரேறிக் குதித்து வந்தாள். ஹால் கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை. மேற்கு அறைக் கம்ப்யூட்டர் மோராய் ஒழுகிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயே போய்விட்டது.

"என் சான்றிதழ் எங்கம்மா?"

செங்கமலம் உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவாப் பேசுடி. தயிர் சாப்பிட்ட அசதி, கண்ணசந்திருக்கு. எழுந்ததும் வந்துரும்."

சிற்றம்பலம் அடிக்குரலில் கடிந்துகொண்டார்: "அப்பவே நினைச்சேன். ஊறுகாயைக் கொஞ்சம் உறைப்பா வச்சிருந்தா தூங்கியிருக்காது."