கன்னியப்பன் தர வேண்டிய அலை

“முதல்ல வம்பு பண்ணது கன்னியப்பன்தான். அதை மனசுல வச்சுக்கிட்டு மத்ததைக் கேளு,” என்றார் தேசப்பன்.

கோமளா பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அவள் துடுப்புப் பலகை செய்கிறாள். நின்றபடியே துடுப்பு போட்டுக் கடலுக்குள் போய், அலை வந்ததும் அதன்மேல் ஏறிக் கரைவரை சறுக்கி வருகிற பலகை. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. தேசப்பனுக்கு அறுபத்தொன்று. நாற்பது வருடம் கட்டுமரம் ஏறிய மனுஷன். மூன்று வருடமாக அவளுக்கு மாணவர்.

நடந்தது இதுதான்.

போன வருடம் மாசி மகத்துக்கு மறுநாள், ஐம்பது தாண்டியவர்களுக்குப் போட்டி. அன்றைக்கு வந்ததிலேயே பெரிய அலை தேசப்பனுக்கு வந்தது. அலை எந்த இடத்தில் உடையத் தொடங்குகிறதோ, அதற்குக் கிட்டத்தில் நிற்பவனுக்குத்தான் அது சொந்தம். கடலில் அதுதான் முறை. கன்னியப்பன் குறுக்கே நுழைந்தான். தேசப்பனின் பலகை திரும்ப மறுத்தது. ஊரே பார்க்க, காலும் தலையுமாக விழுந்தார்.

கரைக்கு வந்த பிறகு கன்னியப்பன் கேட்டான், அது பலகையா, பந்தி போடுகிற டேபிளா என்று.

ஊர் சிரித்தது. அன்றிலிருந்து தேசப்பன் கன்னியப்பன் வீட்டுத் தெருவில் கால் வைத்ததில்லை. சுற்றிக்கொண்டுதான் போவார்.

“எனக்குக் கோப்பை வேணாம். அதே மாதிரி ஒரு அலையில, அதே ஊர் பாக்க, நின்னுக்கிட்டே கரைக்கு வரணும்.”

“இப்ப என்ன தடங்கல்?”

பலகையைக் காட்டினார். அதன் முன்முனையை, அதாவது மூக்கை, தானே சீவியிருந்தார். கத்தி மாதிரி கூராக்கி, ரெசின் பூசி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று வைத்திருந்தார். ஆனால் அலையில் ஏறியதும் அந்த மூக்கு நேராகத் தண்ணீருக்குள் குத்துகிறது. இவர் முன்னால் பறக்கிறார். காலையிலிருந்து பதினோரு தடவை.

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது.

“மரம்னா அணியம்தானே, அந்த முன்மூக்குதானே கோமளா. கட்டுமரத்துக்கு மூக்கு கூரா இருந்தா எந்த அலையையும் கிழிச்சுக்கிட்டுப் போவும். இது மட்டும் ஏன் போவல?”

கோமளா உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

“அலை மேல ஏறி எங்க போறீங்க மாமா?”

“கரைக்கு.”

“உங்களைத் தள்ளுறது எது?”

“கன்னியப்பன்.”

கோமளா சிரித்துவிட்டாள். பிறகு அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு நடந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் பலகையின் மூக்கைக் கரைப்பக்கம் திருப்பினாள். அவரை ஓரமாக நிறுத்தி, அவர் கையை வாலில் வைத்தாள்.

“பிடிச்சுக்குங்க. விடக் கூடாது.”

வால் அகலமாக, பெட்டி மாதிரி சதுரமாக இருந்தது. மூன்று வருடத்தில் அவர் அதைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

அலை வந்தது. அந்த அகல வாலை அடியோடு தூக்கி, கையிலிருந்து பிடுங்கிக் கரையில் எறிந்தது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த கன்னியப்பன், “என்ன மச்சான், மாடு அவுத்துக்கிச்சா?” என்றான்.

தேசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தார். மறுபடியும் பிடுங்கிக்கொண்டு போனது. மூன்றாவது முறை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

கோமளா போய்த் தன் பலகையைக் கொண்டுவந்தாள். மூக்கு கரண்டி மாதிரி உருண்டை. வயிறு அகலம். வால் மட்டும் குறுகிக்கொண்டே போய் முடிந்தது.

பிடித்தார்.

அலை வந்தது. வாலின் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. வால் அலைக்குள் கொஞ்சம் இறங்கி, அங்கேயே ஊன்றி நின்றது. பெரிய வஞ்சிரம் துள்ளுகிற மாதிரி உள்ளங்கையில் துள்ளியது. நழுவவில்லை.

தேசப்பன் கையைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பிக் கடலைப் பார்த்தார்.

நாற்பது வருடமாக அலை அவர் முகத்துக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

“முதுகுப் பக்கமில்ல வருது,” என்றார். “முதுகுப் பக்கமில்ல வருது கோமளா! அப்ப கூரா இருக்க வேண்டியது வாலு!”

தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். கொட்டகைக்கு ஓடினார். அறுபத்தொரு வயது ஆள், ஈர வேட்டியோடு, நிஜமாகவே ஓடினார்.

மூக்கு மறுபடி உருண்டையானது. வால் குறுகியது. கை சூடாகி, நடுப்பகுதியையும் இழைக்கப் போனார். கோமளா அவருடைய வயதான முழங்காலைப் பார்த்தாள்; அதற்கு ஆடாத அகலம் வேண்டும். பிறகு பலகையின் வயிற்றில் கரிக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

அந்த இடத்தை அவர் தொடவில்லை.

போட்டியன்று நான்காவதாக வந்தது அந்த அலை. போன வருடத்து அலைக்குக் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது. தேசப்பன் ஏறினார். மூக்கு குத்தவில்லை. எதிரே, அதே இடத்தில், கன்னியப்பன் துடுப்பை ஓங்கிக்கொண்டு நின்றான்.

தேசப்பன் பின்காலை வால்மேல் அழுத்தினார்.

பலகை திரும்பியது. அலையின் மேல்மட்டம் வரை ஏறி, சீறிக்கொண்டு இறங்கி, மறுபடி ஏறியது. கரையில் விசில் பறந்தது. கன்னியப்பன் வாயைத் திறந்தபடி துடுப்பைத் தாழ்த்தி ஒதுங்கினான். மணல் தட்டும்வரை தேசப்பன் நின்றுகொண்டே வந்தார்.

பின்னாலேயே கன்னியப்பனும் வந்து சேர்ந்தான். மூச்சு வாங்க, கையை நீட்டினான்.

“வழி விட்டேன் பாத்தியா மச்சான்? போன வருஷத்து அலை இதோட தீந்துச்சு.”

தேசப்பனுக்கு உடம்பெல்லாம் சிரிப்பாக இருந்தது. நீட்டிய கையை மட்டும் தொடவில்லை.

“இது எனக்கு வந்த அலைடா,” என்றார். “நீ தர வேண்டியது அப்படியே இருக்கு.”

பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அடுத்த அலைக்குப் புறப்பட்டார்.